முதல் வரிசையில் பையூமி

அக்டோபர் பிறந்து வெயில் கொஞ்சம் அடங்கியதும் கெய்ரோவில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கலை ஞாபகம் வந்துவிடும். கோட்டையில் பாட்டுக் கச்சேரி, நைல் கரையில் புத்தக அரங்கு, சமாலிக்கில் ஓவியக் காட்சி, அதாபா பக்கம் நாடகம், மிச்சம் எங்கே கூரை இருக்கிறதோ அங்கெல்லாம் கவியரங்கம். இவற்றை வருஷம் முழுக்கப் பரப்பி வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். கோடையில் யாரும் வரமாட்டார்கள், ரமலானில் முடியாது, பரீட்சை நேரத்தில் கூடாது, ஆகவே இதுதான் காலம் என்கிறார்கள். மேலே இருப்பவர்களுக்கு இது விழாக் காலம். கீழே வேலை செய்யும் எங்களுக்கு வீட்டில் சாப்பிட முடியாத காலம்.

என் பெயர் வஹீத். நாடகக் கொட்டகையில் லைட் போடுகிறவன். ஆனால் இது என் கதை இல்லை, பையூமி அண்ணன் கதை. எங்கள் கலாசார இலாகாவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. விழாவுக்கு வந்து போன ஜனங்களில் பாதிப் பேருக்கும் அவர் முகம் தெரியும். அந்த முகத்தைப் பார்த்ததும் எரிச்சல்தான் வரும், ஏனென்றால் அவர் வேலை அப்படி. முதல் வரிசை நாற்காலிகளுக்கு அவர்தான் காவல்.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். எந்த நிகழ்ச்சியானாலும் முன்வரிசை பெரிய மனிதர்களுக்கு. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பெயர் அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும். பெரிய மனிதர் வரமாட்டார். வரமாட்டேன் என்று சொல்லியும் அனுப்பமாட்டார். அவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்தால் ‘கிளம்பிவிட்டார்’ என்பார்கள். நாடகம் ஆரம்பித்து முடிந்து, திரை விழுந்து, பெருக்குகிறவர்கள் வந்த பிறகும் அவர் கிளம்பியபடியே இருப்பார். அதுவரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. பின்னால் ஜனம் சுவரோரமாக நின்றுகொண்டு பார்க்கும், முன்னால் வெல்வெட் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். பையூமி அண்ணன் அந்த வரிசையின் ஓரத்தில், சபையைப் பார்த்தபடி, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

ஆள் நல்ல உயரம். நரைத்த மீசை. அக்கா மகன் கல்யாணத்துக்கு எடுத்த கறுப்புக் கோட்டு ஒன்றுதான் எல்லா விழாவுக்கும். யாரையும் மனம் நோகாமல் எழுப்பிவிட அவரால் முடியும். அதனால்தான் இளம் வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவரை இந்த வேலைக்குத் தள்ளினார்கள்.

“உஸ்தாத், இது காலியாத்தானே இருக்கு?” என்று யாராவது வருவார்கள்.

“பார்க்கக் காலியாத்தான் தெரியும் பாஷா. ஆனா ஆள் இருக்காரு.”

“எங்கே இருக்காரு?”

“அக்டோபர் பாலத்து மேல. டிராஃபிக்ல.”

“போன வாரமும் அங்கேதானே இருந்தாரு?”

“என்ன பண்றது பாஷா, பாலம் அப்படி.”

கேட்டவர் சிரித்துவிடுவார். சிரித்த பிறகு சண்டை போட முடியாது. ‘உங்க வார்த்தை என் தலை மேல, கண் மேல’ என்று நெஞ்சில் கை வைத்து அவரைப் பின்னால் அனுப்பிவிட்டு, மறுபடியும் ஓரத்தில் போய் நிற்பார் பையூமி. கலவரமோ கச்சேரியோ, அவர் நிற்கும் விதம் ஒன்றுதான். இரவு வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி ஸுஹைர் ஒரு வாளி வெந்நீரில் உப்பைக் கொட்டித் தயாராக வைத்திருப்பாள். காலை அதில் விட்டுக்கொண்டே சாப்பிடுவார். பல நாள் சாப்பிடும்போதே தூங்கியும் போவார்.

அவர்களுக்கு ஒரே மகள். நிஹால். வணிகம் படித்தாள். எங்கள் இலாகாவின் கணக்குப் பிரிவிலேயே அவளுக்கு ஓர் இடம் பிடிக்க பையூமி அண்ணன் பார்க்காத ஆளில்லை, சலாம் போடாத வாசலில்லை. இடம் கிடைக்கிற மாதிரி வந்த சமயத்தில் அந்தப் பெண், “எனக்கு வேண்டாம், நான் நாடகத்துல நடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டது. ஒரு சின்னக் குழு, கையில் காசில்லாத பிள்ளைகள், வாடகை அறையில் ஒத்திகை.

அன்று அந்த வீட்டில் நடந்த சண்டையை ஸுஹைர் எனக்குப் பிறகு சொன்னாள். கம்சீன் புழுதிக் காற்று அடிக்கிற வசந்த நாட்கள், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அப்படியும் தெருவுக்கே கேட்டதாம்.

“அந்த மேடைக்கு முன்னால நான் ஆயுசு பூரா நிக்கிறேன்” என்றாராம் பையூமி. “அங்கே ஒண்ணும் இல்லடி. காலி நாற்காலிதான் இருக்கு.”

“நீங்க நாற்காலியைத்தானே பாபா பார்த்தீங்க? ஒரே ஒரு தடவை திரும்பி மேடையைப் பார்த்திருக்கீங்களா?”

உண்மையும் அதுதான். எங்கள் கொட்டகையில் எத்தனையோ நாடகம் ஓடியிருக்கிறது. அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார். மகளிடம் தோற்ற கோபத்தில் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். டீ வச்சிருக்கு, சாவி மேஜை மேல இருக்கு, அவ்வளவுதான். எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்கிற கேள்வியெல்லாம் நின்றுபோயிற்று. கோடை முழுவதும் அப்படியே கழிந்தது.

இந்த அக்டோபரில் அவளுடைய குழுவின் நாடகம் விழாவுக்குத் தேர்வானது. வெளிக் குழுக்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் கொடுப்பார்கள். அன்றைக்குப் பார்த்தால் உண்டு, விட்டால் போயிற்று. நாடகத்தை எழுதி இயக்கியவன் ஷிஹாப் என்கிற பையன். தாடி வைத்திருந்தான், நல்லவன், ஆனால் ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான். கதை இதுதான். ஒரு கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் பெண். ஒரு நாள் அவள் புருஷனுக்கு நெஞ்சு வலி வந்து, உதவிக்காக மாடி மாடியாக ஓடிக் கதவைத் தட்டுகிறாள். யாரும் திறக்கவில்லை. அவன் செத்துப்போகிறான். நாடகத்தின் நடுவில் அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து, சபையில் இருப்பவர்கள்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதுபோல முதல் வரிசைக்கு முன்னால் நின்று, தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தப் பெண்ணாக நடித்தவள் நிஹால்.

வீட்டில் அந்தக் கத்தலைச் சமையலறையில் பழகினாள். கீழ்வீட்டு உம்மு ஹானி துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பாள். “உன் புருஷன் செத்ததை நாலு நாள் சொன்னது போதாதா? நல்லடக்கம் பண்ணிட்டு விடும்மா!” என்று ஜன்னல் வழியே சத்தம் போடுவாள். பையூமி அண்ணன் காலை வாளியில் விட்டபடி கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார். அவருக்கு அந்த வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு தடவை என்னிடமே, “அந்த இடத்துல பாரு வஹீது, எனக்கே எழுந்து போய்க் கதவைத் திறக்கலாம்னு தோணுது” என்றார். அதை மகளிடம் சொல்லலாமே என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கடைசியில் ஸுஹைர்தான் நடுவில் புகுந்தாள். அவள் ஒத்திகையிலேயே பார்த்து அழுது முடித்திருந்தாள். “உங்க பாபாவும் வந்து பார்க்கட்டுமே” என்று மகளிடம் கேட்டாள்.

“வரட்டும், யார் வேண்டாம்னா?” என்றாளாம் நிஹால். “ஆனா உட்கார்ந்து பார்க்கணும். வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறதா இருந்தா வரவே வேண்டாம்.”

“அப்ப ஒரு டிக்கெட் எடுத்துக் குடு.”

“நாற்காலிக்கெல்லாம் முதலாளியே அவருதான். அவருக்கு நான் டிக்கெட் தரணுமா?”

குத்திப் பேசுவதில் அப்பனுக்குப் பெண் இளைத்தவள் இல்லை. ஆனால் ஸுஹைர் இதை அப்படியே போய்ச் சொன்னபோது பையூமி கோபப்படவில்லையாம். “உட்கார்ந்து பார்க்கணும்னு சொன்னாளா? அவளே சொன்னாளா?” என்று இரண்டு தரம் கேட்டாராம். அந்த மனுஷனுக்கு அது போதும். அரை வருஷ மௌனத்துக்குப் பிறகு மகள் ஒரு கதவைத் துளி திறந்திருக்கிறாள். உட்கார்ந்து பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாளே லீவு கேட்டு மதாம் இன்ஸாஃபிடம் போனார். வரவேற்புப் பிரிவுக்குத் தலைவி அவள். கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். அக்டோபரில் அவளுக்கும் வீடு வாசல் கிடையாது.

“உன் பொண்ணு நடிக்கிறாளா பையூமி? வாழ்த்துகள், ஆயிரம் மப்ரூக். ஆனா லீவுன்னு மட்டும் கேட்காதே. அன்னிக்குக் காலையில கைவினைக் காட்சி திறப்பு, மத்தியானம் புத்தக அரங்குல கருத்தரங்கு. ரெண்டுக்கும் நீதான். சாயங்காலம் நாடகத்துக்கு மட்டும் நானே வாசல்ல நின்னுக்கறேன். உன்னை விட்டுட்டேன், போ.”

“அல்லாஹ் உங்களை நல்லா வைக்கட்டும் மதாம். ஒரு சீட்டு…”

“சீட்டா? டிக்கெட் போன வாரமே தீர்ந்துபோச்சு. என் தங்கச்சியே நிக்கத்தான் போறா.”

நாடகத்தன்று விடிவதற்கு முன்பே அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார். கைவினைக் காட்சியைத் திறக்க வேண்டியவர் மத்தியானம் வரை வரவில்லை. அதுவரை வெயிலில் ரிப்பன் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து புத்தக அரங்குக்கு ஓடினார். பாரம்பரியத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒரு பேராசிரியர் பேச ஆரம்பித்து, முடிக்க மனசில்லாமல் பேசினார். அதற்கும் நின்றார். சாயங்காலம் எங்கள் கொட்டகைக்கு அவர் வந்து சேர்ந்தபோது, கையில் வைத்திருந்த, தஅமியா வடை வைத்த ரொட்டியைக் கடிக்கக்கூடத் தெம்பில்லாமல் சபைக்குப் பின்னால் மேலே இருக்கும் என் விளக்கு அறையின் படிக்கட்டில் சாய்ந்துகொண்டார். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் இதே கதைதான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

“வஹீது, உன் அறையில ஒரு ஓரமா உட்காரலாமா?”

“அண்ணே, இங்கே நான், என் போர்டு, அந்தத் தாடிக்காரன். நாங்களே ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்திருக்கோம். இங்கேயிருந்து பார்த்தா அவளுக்கு உங்களைத் தெரியவும் தெரியாது.”

“தெரியணும்டா. நான் உட்கார்ந்திருக்கிறதை அவ பார்க்கணும்.”

நான் கீழே சபையைப் பார்த்தேன். ஜனம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் படிகளிலெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் நட்ட நடுவில் ஒரே ஒரு காலி நாற்காலி, சிவப்பு வெல்வெட், அல்லாஹ்வைப் போலத் தனியாக இருந்தது. எங்கள் இலாகாவின் துணைச் செயலாளருடையது.

“அதுல போய் உட்காருங்க” என்றேன்.

ஏதோ அவர் தாயைத் திட்டிவிட்ட மாதிரிப் பார்த்தார். “என் கையால பேர் ஒட்டின நாற்காலிடா அது!”

“அந்த ஆள் என்னிக்காவது வந்திருக்காரா?”

“வரல. வராம இருக்கிறது வேற, அவர் இடத்துல இன்னொருத்தன் உட்காருறது வேற.”

“என்ன வேறயோ! அண்ணே, இத்தனை வருஷம் எத்தனை பேரை எழுப்பிவிட்டீங்க? உங்களை எழுப்பிவிட இன்னிக்கு ஆளே இல்ல. நீங்கதான் அந்த ஆள். நீங்க லீவு.”

அவர் ரொட்டியைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு கோட்டைச் சரி செய்துகொண்டு மீசையைத் தடவினார். அந்த உயரத்துக்கும் கறுப்புக் கோட்டுக்கும், நிஜமான துணைச் செயலாளரைவிட அவர்தான் துணைச் செயலாளர் மாதிரி இருந்தார். நான் மேலே இருந்து பார்த்தேன். நடுவழியாக நடந்து போய், யாரோ அடிக்கப்போகிறார்கள் என்பதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த வெளிநாட்டு விருந்தாளிப் பெண்மணி நாற்காலி முதுகில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு உடனே எழுந்து கை கொடுத்தாள். வாசலில் நின்ற மதாம் இன்ஸாஃப் அதைக் கண்டு வாயைத் திறந்தவள், விருந்தாளி குனிந்து வணக்கம் சொல்வதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு யார் எழுப்ப முடியும்?

நான் சபை விளக்கை அணைத்தேன்.

இப்போது சொல்லும்போதுகூட எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. விடிகாலையிலிருந்து நின்ற மனுஷன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். குளிர்சாதனம் ஓடுகிறது. நானோ இருட்டை வேறு போட்டுக் கொடுத்துவிட்டேன். திரை விலகி, நிஹால் துணி துவைக்கிற முதல் காட்சி வந்தது. அப்போது அவர் தலை நிமிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு விழித்து நிமிர்ந்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டார், தொடையைக் கிள்ளிக்கொண்டார். அவர் போராடியதை நான் பார்த்தேன், அதை யாரும் இல்லை என்று சொல்ல வேண்டாம். ஆனால் தூக்கம் ஜெயித்துவிட்டது. தலை பின்னால் சரிந்து வாய் திறந்துகொண்டது.

எனக்கு மேடையில் கவனமே இல்லை. யாராவது இடித்து எழுப்பமாட்டார்களா என்று தவித்தேன். துணைச் செயலாளரை யார் இடிப்பார்கள்? விருந்தாளிப் பெண்மணி மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நாடகம் ஓடிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தது. அவள் இறங்கி வரும் இடம். அவள் முதல் படியில் கால் வைக்கும்போது முன்வரிசை மேல் வெளிச்சம் விழ வேண்டும். அது என் விரலில் இருந்தது.

“வஹீத், லைட்” என்றான் ஷிஹாப்.

நான் அசையவில்லை.

“வஹீத்! அவ இறங்குறா! லைட்!”

“கொஞ்சம் இருப்பா.”

“என்ன இரு? கழுத்தை உடைச்சுக்கப் போறா! லைட்டைப் போடு!”

படி இருட்டாக இருந்தது, அதுவும் நிஜம்தான். போட்டேன். முழு வெளிச்சமும் முன்வரிசை மேல் கொட்டியது. சபையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். துணைச் செயலாளரின் நாற்காலியில் ஒருவர் கைகளை மடியில் போட்டு, வாயைத் திறந்து, குறட்டை மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான்.

நிஹால் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கத்துவதற்காக மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டு வந்தவள். அப்படியே நின்றுவிட்டாள். தொலைந்தது என்று நினைத்தேன். இனி இந்தப் பெண் அழுதுவிட்டு உள்ளே ஓடும், அல்லது பழி தீர்க்கிற மாதிரி அவர் காதிலேயே கத்தி எழுப்பும். எழுப்பியிருந்தால் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் அவர் செய்யவில்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கால்களைப் பார்த்தாள். பூட்ஸின் பின்பக்கம் மிதிபட்டு, குதிகால் வெளியே இருந்தது. நிரம்பிய மூச்சைச் சத்தமில்லாமல் விட்டாள். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஒரு வீட்டில் யாராவது தூங்கும்போது நாம் எந்தக் குரலில் பேசுவோமோ அந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள்.

“கதவைத் தட்டினேன். ரெண்டு கையாலயும் தட்டினேன். உங்க வீட்டுல விளக்கு எரிஞ்சுது. டிவி ஓடுற சத்தம் கேட்டுது…”

“என்ன பண்றா இவ?” என்று என் காதில் அலறினான் ஷிஹாப். “கத்தச் சொல்லு! கத்தணும்!”

“வாயை மூடுடா” என்றேன். அந்தப் பிள்ளையை அதற்கு முன் நான் அப்படிப் பேசியதில்லை.

சபையில் இருந்தவர்கள் அவள் குரல் கேட்க வேண்டுமே என்று முன்னால் சாய்ந்தார்கள். இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்கள். சிரித்தவன் எங்கே போனானோ தெரியவில்லை. அடுத்த வரி எனக்குத் தெரியும். ‘தூங்கிட்டோம்னு மட்டும் சொல்லாதீங்க’ என்பது அடுத்த வரி. அந்தக் காட்சியின் உச்சமே அதுதான், அங்கேதான் குரல் உடைய வேண்டும். நிஹால் அந்த வரி வரைக்கும் வந்தாள். வாய் அசைந்தது. நிறுத்தினாள். அதைச் சொல்லாமலே விட்டுவிட்டு, அதற்கடுத்த வரிக்குப் போனாள். ஷிஹாப் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு போர்டின் பொத்தான்கள் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

பேசி முடித்ததும் எழுந்து பின்பக்கமாகவே, சத்தம் வராமல், படியேறிப் போனாள். நான் யார் சொல்வதற்கும் காத்திருக்காமல் முன்வரிசை விளக்கை அணைத்தேன்.

மிச்ச நாடகம் எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். திரை விழுந்து கைதட்டல் இடிபோல எழுந்ததும் பையூமி அண்ணன் துள்ளி எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றபடியே கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்ட ஆரம்பித்தார். துணைச் செயலாளரே எழுந்து நின்று தட்டுகிறார் என்றால் மற்ற முன்வரிசைக்காரர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள், பிறகு சபை முழுவதும். மறுநாள் ஒரு பத்திரிகையில், நாடகத்தில் மனம் கரைந்து துணைச் செயலாளர் கண்களை மூடிக் கேட்டார் என்று போட்டிருந்தான். அவருடைய அலுவலகம் அதை மறுக்கவில்லை. மறுத்தால் வரவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே.

விளக்குகளை அணைத்துவிட்டு நான் மேடைக்குப் பின்னால் இருக்கும் நடைக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்பே அங்கே வந்து, ஒயர் சுருள்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் நாற்காலியின் மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வஹீது, தூங்கிட்டேன்டா” என்றார். “முதல்ல ஏதோ துணி துவைச்சா. அப்புறம் கைதட்டினாங்க. அவ்வளவுதான் நான் பார்த்தது. என் பொண்ணு ஒண்ணு கேட்டா, அதைக்கூட…” கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “சீக்கிரம் சொல்லு, நடுவுல என்ன நடந்துது? கீழே இறங்கி வந்தாளா?”

“வந்தா அண்ணே. உங்க எதிர்லதான் நின்னா. ஆனா அண்ணே, கேளுங்க…”

“சரி, சரி. அது எனக்குத் தெரியும். அது போதும்.”

“அண்ணே, அவசரப்படாதீங்க, அவ இன்னிக்கு…”

அதற்குள் கதவு திறந்துவிட்டது. நிஹால் மைப்பூச்சுக் கலைந்த முகத்தோடு வந்தாள். பின்னாலேயே குழுப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள், ஷிஹாபும் வந்தான். பையூமி அண்ணன் என் கையை உதறிவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவளிடம் போனார்.

“என் பொண்ணே! என் கண்ணே! என்னமா நடிச்சே!” என்றார். “அதுலயும் அந்தக் கத்தல் இருக்கே! கீழே இறங்கி வந்து, கதவைத் தட்டினேன்னு ஒரு கத்துக் கத்தினியே, அடேயப்பா! நாற்காலியெல்லாம் ஆடிப்போச்சு. எனக்கு இங்கே, நெஞ்சுலயே இடிச்சுது.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷிஹாப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்தேன். பையூமி அண்ணன் சிரித்த முகத்தோடு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அந்தச் சிரிப்பு ஓரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது.

நிஹால் அவர் கன்னத்தில் இருந்த மடிப்பைப் பார்த்தாள்.

“ரொம்பக் கத்திட்டேனா பாபா?” என்று கேட்டாள்.

“சேச்சே! சரியா இருந்துது. அளவா இருந்துது.”

“நீங்க பயந்துட்டீங்களோன்னு நினைச்சேன்.”

“பயமா? நானா? கண்ணை இமைக்கக்கூட இல்ல, தெரியுமா?”

“தெரியும் பாபா. நான் உங்களையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கிட்டே வந்து, ஓரமாகக் கிடந்த ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, தோளைப் பிடித்து அவரை அதில் உட்கார வைத்தாள். தானும் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“கால் வலிக்குதா பாபா?” என்றாள்.

வசந்தத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நலம் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனையோ வருஷமாக யார் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்’ என்று நெஞ்சில் கை வைக்கிற மனுஷன் அவர்.

“வலிக்குதும்மா” என்றார். “ரொம்ப வலிக்குது.”